ஏறிய சுருதி

பழைய பட்டறையொன்றின் பின்னறையில் மூவர் சேர்ந்து அந்த இசைக்குழுவைத் தொடங்கினார்கள். அக்காள் பாடினாள், தம்பி கிடார் வாசித்தான், டயர் கடையில் வேலை பார்த்த நண்பன் டிரம்ஸ் அடித்தான். அடித்த அடியில் அவனுக்கு 'இடி' என்றே பெயராகிவிட்டது.

முதல் பாட்டைப் பதிவு செய்தபோது அது சற்று மந்தமாக இருப்பதாகத் தம்பிக்குப் பட்டது. யாரையும் கேளாமல் கணினியில் வேகத்தைக் கூட்டினான். வேகத்தோடு சுருதியும் ஏறியது. அக்காளின் குரல், அவள் எட்டியே இராத உயரத்தில் நின்று மின்னியது.

"இது நானாடா?" என்று சிரித்தாள்.

"நீதான்க்கா. ரெண்டு காபி குடிச்ச நீ."

செல்லமாக எடுத்து வளர்த்த புலிக்குட்டியைப்போல் அந்தப் பாட்டு வளர்ந்தது. பேருந்திலும் முடிதிருத்தகத்திலும் அதுவே ஒலித்தது. மேலாளர் ஒருவர் தேடி வந்தார். சிறு அரங்குகள் பெரிய மைதானங்களாயின. ஆனால் மேடையில் அவள் தன் இயல்பான சுருதியில் பாடியபோது, "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி பாடு!" என்று கூட்டம் கூச்சலிட்டது. அன்றிலிருந்து தம்பி தந்திகளை முறுக்கி ஏற்றினான். அவள் தொண்டையை முறுக்கினாள்.

மருத்துவர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, "இந்த உயரத்துல இன்னும் பாடினா குரலே போயிடும்மா. திரும்ப வரும்னு சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த நிகழ்ச்சிக்கு முன், ஒப்பனை அறையில் தம்பி தயங்கியபடி கேட்டான்: "சார், இன்னைக்குச் சுருதியை இறக்கிக்கலாமா?"

"தாராளமா இறக்குங்க தம்பி," என்றார் மேலாளர், புன்னகை மாறாமல். "வெளியில போய் நீங்களே சொல்லிடுங்க, ரெக்கார்டுல இருக்கிறது அவங்க குரலே இல்லன்னு."

"சொல்லுடா," என்றான் இடி. "நான் டயருக்கே காத்தடிக்கப் போறேன். அது கூச்சல் போடாது."

யாரும் சிரிக்கவில்லை. அக்காள் கம்மிய குரலில், "நீ எதுல வாசிக்கிறியோ, அதுல பாடுறேன்டா" என்றாள்.

வெளியே கூட்டம் முழங்கியதில் கதவு அதிர்ந்தது. கிடார் தந்தியைத் தளர்த்த முறுக்காணியைப் பற்றியிருந்த விரல்களைத் தம்பி மெல்ல எடுத்துக்கொண்டான். தந்தி தளரவில்லை.

மேடையில் உச்ச வரி வந்தது. அவன் காதிலிருந்த கருவியில் அக்காளின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். அதில் ஓர் உராய்வு கேட்டது. பிறகு வெறும் மூச்சு.

கூட்டம் அறியவில்லை. அத்தனை வாய்களும் அந்த உயரத்தைத் தாங்களே பிடித்துக்கொண்டு பாடின. ஓரத்தில் மேலாளர் கைதட்டிக் குதித்தார். அக்காள் திறந்த வாயோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

இடி அடுத்த சரணத்துக்குத் தாளம் எடுத்தான். தம்பியின் விரல்கள் நிற்கவில்லை.