சிவப்புப் பெட்டி வராத நாள்

நான்கு வருடங்களாக அந்த மருத்துவமனையின் மென்பொருளை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். எல்லா வார்டிலும் அவளுக்குக் கம்ப்யூட்டரக்கா என்றுதான் பெயர். மென்பொருள் அவள் எழுதியதல்ல. எங்கெங்கோ இருக்கும் பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. அதில் ஒரு பிரதியை எடுத்து, இங்கிருக்கும் டாக்டர்களும் நர்சுகளும் கேட்டதையெல்லாம் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத் தன் கைக்கு வாகாக்கி வைத்திருந்தாள். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு ஒட்டுகள்.

தொல்லை என்னவென்றால், மூல மென்பொருளை எழுதுகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுவார்கள். அதைத் தன் பிரதியோடு இணைக்க வேண்டும். அவள் கைவைத்த வரியிலேயே அவர்களும் கைவைத்திருந்தால், 'மோதல்' என்று கணினி நின்றுவிடும். ஒவ்வொன்றாகச் சிக்கெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது அவசரப் பதிப்பு. பழையதில் வெளியாட்கள் நுழையும்படி ஓட்டை இருந்ததாம்.

"இன்னைக்கே போட்டுடும்மா, எதுக்கு வம்பு?" என்றார் கண்காணிப்பாளர்.

காலை பத்து மணிக்கு இணைத்தாள். ஒரு மோதல்கூட வரவில்லை. நோயாளியைப் பதிவு செய்து பார்த்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைத் திறந்து பார்த்தாள். ஓடியது. மோதல் வராத இடத்தைக் குடைவானேன் என்று மற்றதை விட்டுவிட்டாள்.

மதியம் இரண்டரைக்குப் பிரிண்டர் சரிசெய்ய மூன்றாம் மாடி வார்டுக்குப் போனபோது, தலைமை நர்ஸ் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"ஒருவழியா எங்க பேச்சக் கேட்டுட்டீங்க! காலைலேர்ந்து அந்தச் சிவப்புப் பெட்டி ஒரு தடவகூட குறுக்க வரல. நிம்மதியா இருக்கு."

அவள் பிரிண்டரை அப்படியே விட்டாள். ஒரு நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை யாராவது எழுதினால் திரையை மறைத்துக்கொண்டு வரும் பெட்டி அது. அவள் போட்ட ஒட்டு. அடிக்கடி வருகிறது என்று நர்சுகள் முணுமுணுப்பார்கள். ஆனால் அதை அவள் எடுக்கவே இல்லை.

நர்சின் கணினியிலேயே உட்கார்ந்து பார்த்தாள். அவள் எழுதியது ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருந்தது. மருந்து எழுதும் திரையைத்தான் மூல மென்பொருள்காரர்கள் வேறு கோப்புக்கு மாற்றிவிட்டார்கள். பூட்டு பத்திரமாகத் தொங்கியது. வாசல் வேறு பக்கம் போய்விட்டது.

"சிஸ்டர், நான் எடுக்கல. அது உடைஞ்சு போச்சு."

நர்சின் சிரிப்பு அப்படியே நின்றது.

மருந்தகத்துக்குப் போன் போட்டாள். "பத்து மணிக்கு மேல எழுதின மருந்தெல்லாம் ஒண்ணு விடாம படிங்க. சீக்கிரம்."

"நாப்பத்தேழு இருக்கேம்மா..."

"படிங்க சார்!"

மருந்தாளர் படிக்கப் படிக்க, ஒவ்வொரு நோயாளியின் ஒவ்வாமைப் பட்டியலையும் திறந்து பார்த்தாள். இருபத்து மூன்றாவது ஆள் சிக்கினார். மருந்து இன்னும் மேலே போகவில்லை, மருந்தாளர் நிறுத்திவிட்டார். முப்பத்தொன்றாவது, இதே மாடியில் பதினான்காம் கட்டில், பஸ் டிரைவர். பென்சிலின் கூடாது. இரண்டு இருபத்தைந்துக்கு டிரிப்பில் ஏற்றியாகிவிட்டது.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் ஓடிவிட்டார். பின்னாலேயே அவளும் ஓடினாள். டிரைவரின் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. உதடு வீங்கி, மூச்சு கீச்சிட்டது. "அப்பா, ஏம்பா இப்படிச் சொறியறீங்க?" என்று மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் டிரிப்பை மூடிவிட்டு டாக்டரைக் கூவி அழைத்தார். தொடையில் ஊசி இறங்கியது.

அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அப்போதுதான் உறைத்தது: இன்னும் பதினாறு பேர் பாக்கி. திரும்பி ஓடி, ரிசீவரை எடுத்தாள். 

"முப்பத்திரண்டு. படிங்க."

பதினாறிலும் யாரும் சிக்கவில்லை. எல்லா வார்டுக்கும் போன் செய்து, தான் சொல்லும்வரை ஒவ்வாமையைக் கையால் சரிபார்க்கச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "பொழச்சுக்கிட்டாரு. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா என்னால சொல்ல முடியாது."

மகளிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். "என் தப்புதாம்மா. சோதிச்சுப் பாக்காம விட்டுட்டேன்."

திட்டுவாள் என்று பார்த்தால், அந்தப் பெண் அவள் முகத்தையே வெறித்துக் கேட்டாள்: "அப்ப வேற என்னெல்லாம் உடைஞ்சிருக்கு?"

கம்ப்யூட்டரக்கா தன் இருக்கைக்குத் திரும்பினாள். முதலில் பெட்டியைப் புதுத் திரையோடு கோத்துவிட்டு, ஒவ்வொரு ஒட்டாகத் தொட்டுப் பார்க்க உட்கார்ந்தாள். ஐம்பத்தெட்டாவதில் நின்றாள். பச்சிளம் குழந்தைகளின் எடைக்குத் தக்க மருந்தளவைக் கட்டுப்படுத்தும் ஒட்டு. அதுவும் சத்தமில்லாமல் செத்துக் கிடந்தது.

குழந்தைகள் வார்டின் எண்ணைச் சுழற்றினாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்த நர்ஸ் "இன்னைக்கு யாருக்கும் எதுவும் எழுதலக்கா" என்று சொன்ன பிறகும், ரிசீவரை அவளால் கீழே வைக்க முடியவில்லை.