கழுதைக் கதையின் பின்பாதி

எங்கள் தெரு நூலகத்தில் அந்தக் கதைத் தொகுப்பு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. எல்லாம் பையன்கள் கதை. ஒருவனுக்குத் திருடன் சிநேகிதன், இன்னொருவனுக்குச் சிடுமூஞ்சி வாட்ச்மேன், மூன்றாமவனுக்கு ஒரு நொண்டிக் கழுதை. வகுப்பில் பாதிப் பேர் படித்துவிட்டார்கள். கழுதைக் கதையின் முடிவை மட்டும் எவனும் சொல்ல மாட்டான். கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

ஒருவழியாக அது அலமாரியில் கண்ணில் பட்டது. நான் கை வைத்த அதே நொடியில் இன்னொரு கையும் அதைப் பிடித்தது. பீரங்கியின் கை. சைக்கிள் கடைக்காரர் மகன். எனக்கும் அவனுக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே எலியும் பூனையும்தான். எலி யார் என்று சொல்லத் தேவையில்லை, என் பட்டப்பெயர் குச்சி.

"விடுடா."

"நீ விடுடா."

இழுத்தோம். பழைய புத்தகம், பாவம். முதுகு பிளந்து ஆளுக்குப் பாதியாக வந்தது. நூலகர் அக்கா கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்து ஒட்டிக் கொண்டாங்க. இல்லேன்னா இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

என்னிடம் இருந்தது முன்பாதி. மாலையே படித்துத் தீர்த்தேன். சொந்தக்காரன் துரத்திவிட்ட கழுதை, பையனைத் தேடி வரும் வழியில் கிணற்றில் விழுகிறது. பையன் எட்டிப் பார்க்கிறான். அவ்வளவுதான், என் பாதி தீர்ந்துபோனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கழுதை பிழைத்ததா இல்லையா? அதைப் போயும் போயும் பீரங்கியிடம் கேட்க வேண்டும். என்ன கொடுமை பாருங்கள்.

மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சைக்கிள் கடைக்குப் போனேன். பீரங்கி ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தான்.

"கழுதை என்ன ஆச்சு?"

"மொதல்ல நீ சொல்லு. அது எதுக்குக் கெணத்துல கெடக்குதுன்னே தெரியாம எனக்கு மண்டை காயுது."

சொன்னேன். கழுதை பையனின் சட்டையை மென்று தின்ற இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் என் முகத்தையே ஒரு மாதிரி பார்த்தான்.

"பொழைச்சிருச்சு," என்றான். "பையன் ஊர்ல இருக்கிற ட்யூப்புக்கெல்லாம் காத்தடிச்சுக் கெணத்துல விட்டான். கழுதை அதுமேல ராஜா மாதிரி மிதந்துச்சு. அப்புறம் எல்லாரும் கயிறு கட்டி இழுத்தாங்க. வெளிய வந்து ஒரு உதறு உதறிச்சு பாரு, அத்தனை பேரும் தொப்பலா நனைஞ்சுட்டாங்க!"

நான் டயரைத் தட்டித் தட்டிக் குதித்தேன். கதை முழுக்க ஒரு சைக்கிள்கூட இல்லையே, ட்யூப் எங்கிருந்து வந்தது என்று அப்போது தோன்றவில்லை. காதில் அழகாகப் பூ சுற்றிவிட்டான்.

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி இரண்டு பாதியையும் அவனே ஒட்டினான். கடையில் இருந்த, திருகி இறுக்கும் இரும்புப் பிடிக்குள் வைத்து இறுக்கினோம். சனிக்கிழமை நூலகர் அக்கா மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். அங்கேயே நான் அதை என் பெயரில் எடுத்தேன்.

கழுதைக் கதையின் கடைசி இரண்டு தாள் பிரியவே இல்லை. மெல்ல உரித்தேன். உள்ளே, கயிறு வருவதற்குள் கழுதை மூழ்கிப்போயிருந்தது. வாசலில் உட்கார்ந்து அழுதேன். அழுகை கோபமாக மாறியதும் புத்தகத்தோடு கடைக்கு ஓடினேன்.

"டேய், கழுதை செத்துப்போச்சு!"

பீரங்கி பம்பை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "பிரிச்சிட்டியா? நாலு கோட்டிங் போட்டேனேடா!"

"ஏன் பொய் சொன்னே?"

"அன்னிக்குத்தான் நீ மொதல் மொதலா என்கூட சிரிச்சே. அந்த நேரத்துல கழுதையைக் கொல்லச் சொல்றியா?"

இத்தனை வருஷம் இவனிடம் அடி வாங்கியதற்கெல்லாம் சேர்த்து அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் கைநிறைய கிரீஸ், அதனால் விட்டுவிட்டேன்.

"சொல்யூஷன் டப்பாவை எடு," என்றேன்.

"எதுக்கு?"

"அடுத்து எடுக்கிறவன் அழ வேண்டாம்."

அவன் தடவினான், நான் விரலால் அழுத்திப் பிடித்தேன். தாள் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"சரி, வெளிய வந்த கழுதை அப்புறம் எங்க போச்சு?" என்றேன்.

"அதுவா?" என்று டயரில் பாதியை எனக்கு விட்டு உட்கார்ந்தான் பீரங்கி. "நேரா சொந்தக்காரன் வீட்டுக்குப் போய், அவன் சட்டையை மென்னுச்சு."