மழைக் கணக்கும் மூடிய பெட்டியும்

மிளகாய் மூடையைக் கவிழ்த்துப் பார்க்காமல் நான் விலைக்கு எடுத்ததில்லை. அந்தப் புத்திதான் தொண்ணூற்றேழில் என் மகள் படிப்பில் கை வைத்தது.

ரேணுகாதேவி மதுரையில் கம்ப்யூட்டர் படித்தாள். கடைசி வருஷத்துக்கு எம்.எல். என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினாள். எங்கள் ஊர் திருச்சுழியின் பத்து வருஷ மழையை வைத்து, எந்த வாரம் விதைக்கலாம் என்று மெஷின் சொல்ல வேண்டும். மழைக் கணக்கை வைத்திருக்கும் பகுதி கூடப் படித்த காரியாபட்டி காளிராஜுடையது. வாரத்தைக் கண்டுபிடிக்கும் பகுதி இவளுடையது. நடுவில் ஒரு தாள். அவன் பகுதியிடம் இவள் பகுதி எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், எதைக் கொடுக்க வேண்டும், என்ன திரும்ப வரும், அவ்வளவுதான் அதில். அதற்குப் பெயர் சிக்னேச்சராம்.

"உள்ள என்ன வச்சிருக்கான்னு பாத்தியா?"

"பாக்கக் கூடாதுய்யா. தாளுல இருக்கத மட்டுந்தான் நம்பணும்."

"நல்லா நம்புன போ."

காரியாபட்டி சந்தைக்குப் போன நான் அந்தப் பயல் வீட்டில், அவன் தன் பகுதியை எழுதி வைத்திருந்த நோட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். வேண்டாம் என்றவள் பிரித்துப் பார்த்துவிட்டாள். பழைய நாள் முதலில் வரும்படி மழையை வரிசையாக வைத்திருந்தான். பெயர் சொல்லிக் கேட்பதை விட்டு, வரிசையிலிருந்து நேரே எடுத்துக்கொண்டாள். வேலை சுருக்கமாக முடிந்தது என்று எனக்குப் பெருமை.

திங்கட்கிழமை வாத்தியார்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தின சனிக்கிழமை, மெஷின் அச்சடித்த விடையோடு ஊருக்கு வந்தாள். பங்குனி முதல் வாரம் விதைக்கச் சொல்லியிருந்தது.

"பங்குனியிலயா? கரிசல் வெடிச்சுக் கெடக்கும். எவன் விதைப்பான்?"

அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தாள். வரிசையைத் திருப்பி, புது நாளை முன்னால் வைத்துவிட்டதாகக் காளிராஜ் நடுவில் சொல்லியிருந்தானாம்; அது இவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷின் ஒரு சத்தமும் போடவில்லை. புரட்டாசி பங்குனியாகிவிட்டது.

"அவன் பண்ணது தப்பில்லய்யா. சிக்னேச்சர் தாளு மாறல. நாந்தேன் உள்ள கை விட்டேன்."

விடச் சொன்னது நான். ஞாயிறு காலை அவளோடு மதுரை பஸ்ஸில் நானும் ஏறினேன்.

காலேஜில் காளிராஜிடம், "நோட்ட வாங்குனது நாந்தேன், மாப்ள. இவள ஏசாத" என்றேன்.

"ஏசி என்ன செய்ய? மூடிப்புடுவோம்" என்று சிரித்தான். உள்ளே இருப்பது வரிசை என்பதே வெளியே தெரியாதபடி தன் பகுதியைப் பெட்டி மாதிரி மூடி அடைத்தான். உடனே மெஷின் இவள் நேரே எடுத்த வரிகளைக் காட்டி, முடியாது என்றது. ஒவ்வொன்றாகத் திருத்தி, தாளில் உள்ளபடி பெயர் சொல்லிக் கேட்க வைத்தாள். மத்தியானச் சோறு இல்லை.

புரட்டாசி கடைசி வாரம் என்று வந்தது.

"இப்ப நம்புறீகளா?" என்று மகள் என்னைக் கேட்டாள்.

"இப்ப உள்ள இருக்கத மாத்துலே. இவ தன்னதத் தொடக் கூடாது" என்றேன் காளிராஜிடம்.

காளிராஜ் தன் பகுதியை மாற்றி ஓட்டினான். அப்போதும் வந்தது புரட்டாசிதான்.

"இன்னொரு தடவ வேற மாதிரி மாத்து."

"அய்யா, கடைசி பஸ்ஸு போயிரும்!"

"போகட்டும்த்தா. நாளைக்கு வாத்தியாருக முன்னால நிக்கப் போறது நீ" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.