ஆறாம் ஸ்தலத்துத் துணி

சிலுவையைத் தூக்கித் தோளில் வைத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கனம் மட்டும் தெரிந்தது. வேப்பங்கட்டை, போன வருஷம் அடித்த பெயிண்ட் வெயிலுக்கு இன்னும் பிசுபிசுத்தது. தவக்காலத்து ஐந்தாம் வெள்ளி, சாயங்காலம் ஐந்து மணி. ராஜபாளையத்தில் எங்கள் கோயில் சிலுவைப்பாதையில் ஒரு பொம்பளை சிலுவை சுமப்பது இதுதான் முதல் தடவை என்று உபதேசியார் மைக்கில் சொன்னார். விஜி மாதிரி பக்தி யாருக்கு வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். போங்கய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பதினாறு வருஷமாகப் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். ஆபரேஷனுக்குப் போகிற காஸ் துணியை நாலாக மடித்து, பாக்கெட்டில் போட்டு, மடித்தவளின் நம்பர்ச் சீட்டையும் உள்ளே வைத்து ஒட்ட வேண்டும். என் நம்பர் பதினேழு. யுவராணி நான் கைப்பிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பக்கத்தில்தான் முழங்கால் போடுவாள். கிறிஸ்மஸ் முடிந்த வாரம், அவளைத்தான் சூப்பர்வைசர் ஆக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, மத்தியானச் சோறு நிஜமாகவே இறங்கவில்லை. அவள் கை கழுவப் போனாள். என் தலைக்குல்லாயைத் தூக்கி ஒரு முடியைப் பிடுங்கி, அவள் மேஜையில் ஒட்டாமல் கிடந்த அவள் நம்பர்ப் பாக்கெட்டில், துணி மடிப்புக்குள் வைத்தேன். அம்புட்டுதான். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

செக்கிங்கில் அகப்பட்டது. மேனேஜர் அந்த முடியை வெள்ளைத்தாளில் டேப் போட்டு ஒட்டி, அவளிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்தினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். டை அடித்து ஒரு மாசம் ஆன முடி. வேர்ப்பக்கம் ஒரு விரக்கடை வெள்ளை, மிச்சம் செம்பட்டை. யுவராணிக்கு இருபத்தாறு வயசு, தலையில் நரை என்று ஒன்று கிடையாது. யார் கண்ணிலும் அது படவில்லை. அவள் மட்டும் அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக நான் டை அடித்துக்கொண்டேன்.

பொறவு ஊரில் எந்தப் பேண்டேஜ் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. முடிக்காரி என்று பேர் விழுந்துவிட்டது. செட்டியார்பட்டிக்கு நைட்டி தைக்கப் போகிறாள். சூப்பர்வைசர் வேலையும் நீலக் கோட்டும் எனக்கு வந்தன. கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அதோடு எல்லாமே நின்றுபோச்சு. பசி, அழுகை, கோபம் ஒன்றும் இல்லை. ஒடம்பு சரியில்லையா என்று வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று, செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர்ச் சாமியாருக்கு என் இருமல்கூட அடையாளம் தெரியும். அங்கே வலைக்கு அந்தப்பக்கம் இருந்த சாமியார் வயசானவர். எல்லாத்தையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

“ஆண்டவர் மன்னிச்சிருவாரும்மா. ஆனா அந்தப் பிள்ளை பேரை நீதான் கெடுத்த, நீதான் திருப்பிக் குடுக்கணும். அவகிட்டயும் சொல்லணும், கம்பெனியிலயும் சொல்லணும்.”

“வேற ஏதாவது பரிகாரம் குடுங்க சாமி. எம்புட்டு கஷ்டம்னாலும் செஞ்சிருதேன்.”

“இதுதாம்மா பரிகாரம்.”

அவர் கொடுத்ததை அங்கேயே வைத்துவிட்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நானே பரிகாரம் போட்டுக்கொண்டேன். தினமும் ஒருசந்தி, ஒரு வேளைச் சோறு. காலில் செருப்பு கிடையாது. பூ கிடையாது, பவுடர் கிடையாது, ஈஸ்டர் வரைக்கும் தலைக்கு டை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவை. வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட இதெல்லாம் லேசாக இருந்தது.

சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலத்தில், ஒவ்வொன்றிலும் நின்று முழங்கால் போட்டு, அஞ்சு தாண்டினோம். தோளில் தோல் உரிந்தது, அதுவும் வேறு யாருடைய தோளோ மாதிரி இருந்தது. ஆறாம் ஸ்தலத்தில் ஒரு பெண் வந்து, சிலுவை சுமப்பவர் முகத்தை வெள்ளைத் துணியால் துடைப்பது எங்கள் கோயில் வழக்கம். எங்கள் ஊரில் அதற்கும் காஸ் துணிதான். இந்த வருஷம் யார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு யுவராணி வந்தாள்.

துணியை நாலாக மடித்திருந்தாள். ஓரம் வெளியே தெரியாத மடிப்பு, நான் சொல்லிக்கொடுத்தது. நெற்றி, கன்னம், கழுத்து என்று அவசரமில்லாமல் துடைத்தாள்.

“ரொம்பக் கனக்குதாக்கா?”

இல்லை என்று தலையாட்டினேன். முக்காடு நழுவியது. சரிசெய்ய வந்த அவள் கை என் தோளில் நின்றது. அங்கே கிடந்த ஒரு முடியை ரெண்டு விரலால் எடுத்து மேற்கு வெயிலுக்கு நேரே பிடித்தாள். வேர்ப்பக்கம் ஒரு விரக்கடை வெள்ளை, மிச்சம் செம்பட்டை. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை நானும் பார்த்தேன்.

உபதேசியார் ஏழாம் ஸ்தலத்தை அறிவித்தார். முழங்காலில் இருந்த சனம் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டது. யுவராணி துணியைப் பிரித்து, முடியை நடுவில் வைத்து, மறுபடியும் நாலாக மடித்தாள், சீட்டு வைத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

“ஒங்க நம்பர் என்னக்கா?” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவளுக்குத் தெரியாத நம்பரா. மூணு வருஷம் அடுத்தடுத்த மேஜை. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

“பதினேழு” என்றேன்.

பின்னால் நடங்க நடங்க என்றார்கள். யுவராணி அசையவில்லை, மடித்த துணியை என் பக்கமாக நீட்டியபடியே நின்றாள். அதை வாங்கச் சிலுவையிலிருந்து ஒரு கையை எடுத்தேன்.