பாதி டம்ளர் டீ

சிவப்பு ரிப்பனை அவிழ்த்தது வேறு யாருமல்ல, அவனேதான். அவன் வேலை பார்த்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியிருந்தன. கீழே புழங்குவது எதுவும் மாடிக்குப் போகக்கூடாது என்று, கீழ்த்தள டீ வண்டியின் கைப்பிடியில் தலைமை நர்ஸ் அந்த ரிப்பனைக் கட்டியிருந்தார். அழுக்குத்துணி மூட்டை வாய் பிளந்துகொண்டே இருந்தது; கைக்கு எட்டிய ரிப்பனை உருவி மூட்டையைக் கட்டினான். தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தான். பிறகு, அதே வண்டியை லிஃப்டில் ஏற்றி, மாடியில் அறை அறையாக டீ கொடுத்தான். கடைசி அறை மாமனாருடையது. அவர் பாதி குடித்திருந்தபோதுதான் கைப்பிடி மொட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. டம்ளரைப் பிடுங்கினான்.

"பொண்ணத்தான் கூட்டிட்டுப் போன. இப்ப டீயுமா?" என்றார் மாமனார்.

எல்லா டம்ளரையும் வாரிக்கொண்டு ஓடித் தலைமை நர்ஸிடம் நடந்ததைச் சொன்னான். வேலை போய்விடும் என்று நினைத்தான், வேலை கூடிப்போனது. மாடியில் பொதுச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். மாடிக்காரர்கள் அவரவர் அறையோடு, அவன் மாடியோடு. சுவிட்ச், கட்டில் கம்பி, டிவி ரிமோட் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ப்ளீச் தண்ணீரால் துடைத்தான். இந்தக் கிருமி கைக்கு அடிக்கிற ஸ்பிரேக்கு மசியாது, சோப்புதான் வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், ஒவ்வொருவர் கையையும் பிடித்து விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவிவிட்டான். வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மகராசன்.

முதலில் படுக்கிறவர் யாரென்று உடனே தெரிந்தால் அந்த அறையோடு நிறுத்திவிடலாம். மறைத்தால் மாடியே படுத்துவிடும். தாங்குகிற உடம்புகள் இல்லை அவை. அதனால் அறை அறையாகப் போய் வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். மற்றவர்கள் கேட்காத விவரமெல்லாம் சொன்னார்கள், ஒருவர் நிறம் உட்பட. மாமனார் மட்டும், பஸ் கண்டக்டராக இருந்த பழக்கத்தில், "வண்டி ஓடுது" என்பதோடு சரி. வயிற்று விஷயத்தை மருமகனிடம் பேச அவருக்குக் கூச்சம். அப்பா எப்படி இருக்கிறார் என்று மனைவி போனில் கேட்டபோது அவனும் அதையேதான் சொன்னான்.

மறுநாள் காலை அவர் கதவு சாத்தியே இருந்தது. வெளியே நின்று, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டான். இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிடத் திரும்பினான்.

"விடியக்காலைல வாந்தி எடுத்தேன்," என்றது உள்ளிருந்து குரல். "ரெண்டு தடவ வயித்தாலயும் போச்சு. வெளிய வரல, கதவக்கூடத் தொடல."

அவன் மறுபடி கதவருகே வந்தான். "நான் குடுத்த டீயாலதானா மாமா?"

"ஆமா. அதாலதான். வேற எதால?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "பக்கத்து ரூம்ல எல்லாம் நல்லாருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாருக்காங்க."

"இருப்பாங்க. என் மாப்பிள்ள கழுவிவிட்ட கை, ஒண்ணும் ஆகாதுன்னு நேத்தே ஜன்னல் வழியா அவங்ககிட்ட சொல்லிட்டேன். மசமசன்னு நிக்காம கையுறை மாட்டிட்டு உள்ள வா."