ஆறாவது பாட்டு

சவப்பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரில் மெர்யாவின் கால் மட்டும் பின்தங்கியது. தேவாலயப் படிகளை இறங்கும்வரை சரியாகத்தான் இருந்தது. மணல் தூவிய பனிப்பாதைக்கு வந்தபிறகு, மற்ற எல்லோருடைய இடது காலும் தரையைத் தொட்டு முடிந்த பின்பே அவளுடையது தொட்டது. தோளில் கிடந்த பட்டை இழுத்தது. பெட்டி லேசாக அவள் பக்கம் சாய்ந்தது.

"பரவால்ல, உன் காலுக்கே போ," என்றான் எதிர்ப்பக்கத்தில் இருந்த பெர்த்து, உதடு அசையாமல். "நாங்க வந்துக்கறோம்."

அடுத்த அடியிலேயே அவன் தன் காலை அவள் காலோடு சேர்த்துக்கொண்டான். முன்னால் போன நால்வரும் பட்டையின் அசைவிலிருந்தே புரிந்துகொண்டு நடையை மாற்றினார்கள். பெட்டி நிமிர்ந்தது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எவ்வளவு சுலபமாக மாற்றிக்கொண்டான்! பெட்டிக்குள் கிடப்பவன் அவளுடைய அண்ணன் இல்மாரி. தலைமாட்டுப் பக்கம் நெருங்கிய உறவு பிடிக்கும் இடம். ஒரு பக்கம் தங்கை. மறுபக்கம், அந்தத் தங்கையின் டிரம்ஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்த குவோப்பியோ நகரத்துக்காரன். அம்மாதான் அப்படி நிறுத்தியிருந்தாள்.

உள்ளே மலர் வைக்கும்போதும் இதே கதைதான். மெர்யாவும் அம்மாவும் வெள்ளை ரோஜாக்களை வைத்து, நாடாவில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தலைகுனிந்து திரும்பினார்கள். பிறகு பெர்த்து வந்தான். அவனுடைய மலர்வளையம் பெரியது. அதைக்கூட விட்டுவிடலாம். நாடாவில் இருந்ததை அவன் உரக்கப் படித்தான்: "என் அண்ணனுக்கு." மெர்யா தன் நாடாவில் "இல்மாரிக்கு" என்று மட்டும் எழுதியிருந்தாள். அவள் எழுதியிருக்க வேண்டிய சொல்லை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். மறந்தது அவள்தான். அதுவும் தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

பட்டைகளில் பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு மண்வாரி எடுத்துக் குழியை மூடினார்கள். பெர்த்து கோட்டைக் கழற்றிவிட்டு வாரினான். அவன் நிறுத்தும்வரை மெர்யாவும் நிறுத்தவில்லை.

*

திருச்சபைக் கூடத்தில் சால்மன் சூப்பும் கறுப்பு ரொட்டியும் வைத்திருந்தார்கள். காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஹில்க்கா இரங்கல் அட்டைகளை ஒழுங்காக அடுக்கி, மெர்யாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நீயே படிச்சிரு. பஸ்ஸுல தினமும் மைக்குல பேசறவ நீதானே."

"அடுத்த நிறுத்தம் மருத்துவமனைன்னு சொல்றதும் இதுவும் ஒண்ணாம்மா?"

"சத்தம் வந்தா போதும். எய்னோ மாமாவுக்குக் காது கேக்காது."

மரம் அறுக்கும் ஆலையிலிருந்து வந்த அட்டை முதலில் இருந்தது. இல்மாரி அங்கேதான் இயந்திரம் பார்த்தான். அங்கேயே, வண்டி நிறுத்துமிடத்தில், சாவியைக் கையில் பிடித்தபடி விழுந்தான். உறவினர்கள், அண்டை வீட்டார், வேட்டைச் சங்கம். மெர்யா ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்ததைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போது பெர்த்து எழுந்து வந்து ஒரு காகிதக் கட்டை நீட்டினான்.

"இதையும் சேத்துக்க. நம்ம பசங்க எழுதி அனுப்பினது."

"எந்தப் பசங்க?"

"பாட்டுக் கேக்கறவங்க. இரண்டாவது ஆல்பத்தப் பத்தி ஆளுக்கு நாலு வரி எழுதச் சொன்னேன். உண்மைய எழுதுங்க, செத்துட்டான்னு பூசி மெழுகாதீங்கன்னேன். இல்மாரிக்கு அதுதான் பிடிக்கும்."

இல்மாரிக்கு எது பிடிக்கும் என்று அவன் அவளுக்குச் சொல்கிறான். மெர்யா காகிதங்களை வாங்கிக்கொண்டாள்.

புயல்மணி என்பது அவர்களுடைய குழுவின் பெயர். பவர் மெட்டல் வாசித்தார்கள்: அரசர்கள், வாள்கள், பனிமலைகள், வானத்தைத் தொடும் இல்மாரியின் குரல், குதிரைப்படை ஓடுவது போன்ற டிரம்ஸ். முதல் ஆல்பத்தில் அந்தக் குதிரைகளை ஓட்டியவள் மெர்யா. ஆல்பம் இந்த ஊரைத் தாண்டவில்லை. இரண்டாவதற்கான பாட்டுகளை ஊர்க்கூடத்தில் பழகிக்கொண்டிருந்த ஒரு மாலை, இல்மாரி கிதாரின் ஒயரைச் சுருட்டியபடியே சொன்னான்: "ரெக்கார்டு கம்பெனியில இன்னும் வேகம் வேணும்ங்கறாங்க. குவோப்பியோவுல ஒருத்தன் இருக்கானாம்." அவள் "சரி" என்றாள். சிம்பல் தட்டுகளைத் திருகிக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அதற்குமேல் அந்த விஷயத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

இரண்டாவது ஆல்பம் ஒசாக்காவரை போனது. கிறிஸ்துமஸுக்கு இல்மாரி அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தான். அவள் அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஜன்னலோரத்தில் ஜெரேனியப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தாள், பலகையில் தண்ணீர் படாமலிருக்க. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள். பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, சூப்பைச் சூடாக்கிக்கொண்டு, கணினி முன் உட்கார்ந்து படித்தாள். ஜெர்மன் கருத்துகளுக்கு அகராதி வைத்துக்கொண்டாள். "டிரம்ஸ் அருமை" என்று யாராவது எழுதியிருந்தால் அன்று தூக்கம் வராது. அவளுடைய மருந்து ஒன்றே ஒன்றுதான். ஆறாவது பாட்டு, 'ஆற்றைக் கடந்த அரசன்'. அதன் கடைசிப் பல்லவிக்கு முன்னால் டிரம்ஸ் ஒரு நூல் தாமதமாக வருகிறதாம். குதிரை கல் தடுக்கியதுபோல் இருக்கிறதாம். இதை எழுதாத நாடே இல்லை. அந்த வரிகள் அவளுக்கு மனப்பாடம். பெர்த்து பெயரெடுத்த ஒவ்வொரு முறையும் அவற்றைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

"ஒசாக்காவிலிருந்து ஒரு செவிலி," என்று படித்தாள். "இரவுப் பணி முடிந்து ரயில் ஏறியதும் முதல் பாட்டைப் போடுவேன். வீடு வருவதற்குள் மறுபடி மனுஷியாகிவிடுவேன்."

யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"பிரேசிலிலிருந்து. கீபோர்டு கேக்குமேல் கொட்டிய சர்க்கரை மாதிரித் திகட்டுகிறது. இருந்தாலும் மூன்றாவது பாட்டுக்குத்தான் நான் கல்யாண மண்டபத்துக்குள் நடந்து வந்தேன். கல்யாணம் நிலைக்கவில்லை. பாட்டு நிலைத்தது."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அம்மாகூடச் சிரித்தாள்.

"ஓவுலுவிலிருந்து. எல்லோரும் இரண்டாவதைக் கொண்டாடுகிறார்கள். முதல் ஆல்பம்தான் உண்மையானது." இதை மெர்யா நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பெர்த்து தலையாட்டிக்கொண்டே ரொட்டிக்கு வெண்ணெய் தடவினான். அவனுக்கு வலித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த காகிதம் ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக்கிலிருந்து, டீட்டர் என்பவர் எழுதியது. அந்தப் பெயர் அவளுக்குப் பழக்கம். பார்வை முதலிரண்டு வரிகளில் ஓடியதுமே எதைப் பற்றியது என்று புரிந்துவிட்டது. இதைத் தாண்டிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. வேண்டுமென்றேதான் படிக்கப் போகிறேனா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்று தெரிந்தது.

"குறையே இல்லாத ஆல்பம். ஆறாவது பாட்டைத் தவிர." குரலை உயர்த்தினாள். "கடைசிப் பல்லவிக்கு முன்னால் டிரம்ஸ் வாசிக்கிறவர் தூங்கிவிடுகிறார். பிறகு யாரோ அவரை எழுப்புகிறார்கள். இவ்வளவு நல்ல பாட்டை ஒரே ஆள் கெடுத்துவிட்டார்."

காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

போதகர் கோப்பைக்குள் பார்த்தார். அம்மாவின் கரண்டி சூப்பில் அப்படியே நின்றது.

"யாரு தூங்கிட்டா?" என்றார் எய்னோ மாமா.

"யாரும் இல்ல. சூப்பக் குடிங்க," என்றாள் அம்மா.

பெர்த்து சிரித்தான். அடக்கப் பார்த்து முடியாமல், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மீதியையும் படி," என்றான். "பாதியில விட்டா டீட்டர் கோவிச்சுக்குவாரு."

மெர்யா காகிதத்தைத் திருப்பினாள். இப்போது குரல் எழும்பவில்லை. "இதை நான் எழுதும்போதெல்லாம் இல்மாரி ஒருவர்தான் பதில் போடுவார். பிடிக்காவிட்டால் ஏழாவது பாட்டுக்குப் போ என்பார். இனி நான் யாரோடு சண்டை போடுவேன்?"

*

பாத்திரங்களையும் மீந்த சூப்பையும் இல்மாரியின் வேனில்தான் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அம்மா எய்னோ மாமாவின் காரில் முன்னதாகவே போய்விட்டாள். பெர்த்து ரயிலில் வந்தவன். அவனைக் கூட்டிப் போகாமல் இருக்க மெர்யாவுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

எஞ்சினைப் போட்டாள். முன் கண்ணாடி முழுக்க உறைபனி. சுரண்டியைக் காணோம். சூடேறித் தெளியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"எதுக்குச் சிரிச்ச?" என்றாள்.

"எல்லாரு முன்னாடியும் படிச்சியே, என்ன தைரியம்னு. தன்னைத் தானே இப்படி வாரிக்கறதுக்கு மனசு வேணும். இல்மாரி இருந்திருந்தா மேசையத் தட்டியிருப்பான்."

"உன்னைப் பத்தினதைத்தானே படிச்சேன்."

பெர்த்து அவள் பக்கம் திரும்பினான். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான்.

"மெர்யா, நீ அந்த ஆல்பத்தக் கேட்டிருக்க இல்ல?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். கீழ் ஓரத்தில் ஒரு நாணயத்தளவு பனி கரைந்திருந்தது.

"கேட்டதே இல்லையா?"

"எழுதினதெல்லாம் படிச்சிருக்கேன்."

"அடக் கடவுளே." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "ஆறாவது பாட்டுல இருக்கறது நான் இல்ல. நீ."

ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"ஊர்க்கூடத்துல பழகும்போது பதிவு பண்ணியிருக்கீங்க. அதுக்கு மேலயே மத்தவங்கள வாசிக்க வெச்சான். மிச்சப் பாட்டு எல்லாத்தையும் நான் புதுசா அடிச்சேன். இதையும் அடிக்கறேன்னேன். விடல. கெஞ்சினேன். ஒரு இடத்துல இழுக்குதுடா, என் பேரு கெட்டுப்போகும்னேன். கெடட்டும்னான்."

"என் பேரு போட்டிருக்கலாமே."

"நானும் கேட்டேன். வேணாம்னான். போட்டா அதுக்காகவே கோவிச்சுக்குவா, கேட்டா அவளுக்கே தெரியும்னான்." பெர்த்து தொப்பியின் விளிம்பை மடித்தான், பிரித்தான். "ஆல்பம் வந்த வருஷம் பூரா, பழகும்போது போன் அடிச்சா எங்களக் கைகாட்டி நிறுத்திட்டு ஓடுவான். மெர்யாவா இருக்கும்பான். அப்புறம் நிறுத்தறத விட்டுட்டான்."

மெர்யா ஹீட்டரை இன்னும் கூட்டினாள்.

"உலகம் பூரா எனக்குத்தான் திட்டு. ஒசாக்காவுல ஒருத்தன் கையெழுத்து வாங்கிட்டு, அந்த எடத்துல உடம்பு சரியில்லையான்னு கேட்டான். சரி, மேடையிலயாவது ஒழுங்கா வாசிப்போம்னு வாசிச்சா, உங்கண்ணன் திரும்பி நின்னு முறைப்பான். அந்த இழுவை இருந்தே ஆகணும். உட்கார்ந்து படிச்சேன் அத, பள்ளிக்கூடப் பாடம் மாதிரி. நான் சரியா அடிச்ச எதையும் அவன் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்ல."

கடைசி வரியை அவன் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னான்.

வேனின் பிளேயரில் ஒரு சிடி இருந்தது. பெர்த்து கையை நீட்டி, கேட்பதுபோல் நிறுத்தினான். அவள் தடுக்கவில்லை. ஆறாவது பாட்டுக்குத் தள்ளினான்.

முதலில் கிதார் மட்டும். பிறகு டிரம்ஸ் வந்தது. வந்த உடனே தெரிந்துவிட்டது. ஊர்க்கூடத்தின் மரத்தரை அதிர்வது கேட்டது. வலது பக்கம் வைத்திருந்த சிம்பலில் ஒரு விரிசல். அதை மாற்ற வேண்டும் என்று அப்போதே சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணனின் குரல் அதன்மேல் ஏறியது. இளசான குரல், மூச்சு முட்டாத குரல். அரசன் ஆற்றங்கரைக்கு வந்தான். படை பின்னால் நின்றது. மெர்யாவின் வலது கால் தானாகத் தரைவிரிப்பைத் தட்டத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் இன்னொரு காலும் தட்டுவது இருக்கை வழியாகத் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகவே போயின.

கடைசிப் பல்லவிக்கு முன் எல்லாம் அடங்கியது. அண்ணனின் குரல் ஒரே சுரத்தில் தனியாக நின்றது.

மெர்யாவின் கால் இறங்கியது.

சீக்கிரம் இறங்கிவிட்டது. பாட்டில் இன்னும் டிரம்ஸ் வரவில்லை. அந்த ஒரு நூல் இடைவெளியில் குரல் மட்டும் இருந்தது, யாருக்காகவோ வழியில் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல். அதன் பிறகு டிரம்ஸ் விழுந்தது. பெர்த்துவின் கால் அதோடு அச்சாக விழுந்தது.

பாட்டு முடியும்வரை அவள் அவனுடைய காலணியைப் பார்த்தாள். கறுப்பு, சடங்குக்காகத் துடைத்தது, ஓரத்தில் கல்லறை மண். அதைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

"இன்னொரு தடவ வை," என்றாள்.

பெர்த்து பொத்தானை அழுத்தினான். பிறகு தன் காலை இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

கண்ணாடி முழுதும் தெளிந்துவிட்டது. கூடத்தின் பெண்மணி கதவைப் பூட்டிவிட்டு, இவர்கள் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று பார்த்தபடியே போனாள். குரல் தனியாக நிற்கும் இடம் வந்தது. மெர்யா குதிகாலை விரிப்பில் ஊன்றி, பாதத்தை மட்டும் உயர்த்திப் பிடித்திருந்தாள்.