பதினைந்தாவது துப்பாக்கி

சீதி ஹம்மு தர்கா விழாவில் குதிரைக்காரர்களுக்கு ஒரே சட்டம்தான். பதினைந்து பேர் தொடையோடு தொடை உரசப் பாய்ந்து வர வேண்டும். பதினைந்து துப்பாக்கியும் ஒரே சத்தமாக வெடிக்க வேண்டும். சத்தம் சிதறினால் கோப்பையும் போச்சு, மானமும் போச்சு. அடுத்த விழா வரைக்கும் சந்தையில் தலைகாட்ட முடியாது.

பூஷைப் வைத்திருந்தது பாட்டனாருக்குப் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி. குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கெட்டிக்கிற ரகம், பன்னிரண்டு வெள்ளிப் பூண் போட்டது. தலைநகர் அருங்காட்சியகத்துக்காரர் ஒருவர் வந்து பார்த்து, தயவுசெய்து இதைச் சுடாதீர்கள், கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போனதிலிருந்து தம்பி தாஹிருக்கு அதே பைத்தியம் பிடித்துவிட்டது. மூன்று மாதமாக வீட்டில் ரகளை. பழைய இரும்பு, ஒருநாள் பிளந்துகொள்ளும் என்பான் தம்பி. சுடாத துப்பாக்கிக்கும் உலக்கைக்கும் என்ன வித்தியாசம் என்பான் அண்ணன். இன்றும் பேசிக்கொள்ளாமலேதான் இருவரும் சேணம் கட்டினார்கள்.

முதல் ஓட்டம் பிரமாதம். ஒரே இடி, ஒரே புகை. பூஷைப் மறுபடி மருந்து கொட்டி, கம்பியால் கெட்டித்து, மருந்துக்குப் பொறி கொடுக்கிற புதுக் கேப்பு மாட்டிக்கொண்டு, இறுதி ஓட்டத்துக்கு வரிசையின் வலக்கோடியில் வந்து நின்றான்.

தலைப்பாகையைச் சரிசெய்யத் துப்பாக்கியைச் சாய்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பக்கத்தில் நின்ற தாஹிரின் குழல்வாய் கரியேறிக் கறுத்திருந்தது. இவனுடையது பளிச்சென்று இருந்தது. விரலை உள்ளே விட்டுச் சுழற்றினான். ஏதோ பிசுக்கு ஒட்டியதே தவிரக் கரி இல்லை.

அப்படியானால் முதல் ஓட்டத்தில் இது வெடிக்கவே இல்லை. கேப்பு மட்டும் வெடித்திருக்கிறது. பதினாலு வெடியின் சத்தத்தில், புகையில் அதை யார் கண்டது? கிடந்த மருந்தின் தலைமேலேயே புது மருந்தைக் கெட்டித்திருக்கிறான். இப்போது விசையை இழுத்தால் குழல் பிளக்கலாம். அவன் கை போகும். ஒரு முழம் தள்ளி இடப்பக்கம் இருப்பது தாஹிரின் முகம்.

பிளக்காமலும் போகலாம். சுடாவிட்டாலோ கோப்பை நிச்சயம் போகும். வாயைத் திறப்பதற்குள் தலைவர் மிலூத் கையை உயர்த்திவிட்டார்.

"ஏண்ணே, மூஞ்சி வெளிறிப்போச்சு?" என்றான் தாஹிர். இரண்டு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அது.

குதிரைகள் பாய்ந்தன. மண் முகத்தில் அடித்தது. எல்லாரும் சேணத்தில் எழுந்து நின்றார்கள், துப்பாக்கிகள் உயர்ந்தன, பூஷைபின் விரலும் விசைக்குப் போனது. ஓரக்கண்ணில் தம்பியின் தாடி தெரிந்தது. மிலூத் கத்தினார்.

பதினாலு துப்பாக்கி வெடித்தது. வலக்கோடியில் புகை இல்லை. கூட்டத்தில் எவனோ சீழ்க்கையடித்தான்.

மிலூத் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். "கை செத்துப்போச்சா? இல்ல, துப்பாக்கி தேஞ்சிடும்னு நீயும் பயந்துட்டியா?"

பூஷைப் இறங்கி, கேப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கம்பியைக் குழலுக்குள் விட்டான். ஒற்றை மருந்துக்கு ஒரு விரற்கடை வெளியே தெரிய வேண்டிய கம்பி ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. மிலூத் குனிந்து பார்த்தார்.

தாஹிரும் அதைப் பார்த்தான். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நேத்து நீ தொழுகப் போனப்ப குழலுக்குள்ள எண்ணெய் விட்டேண்ணே," என்றான். "மருந்து நனைஞ்சு வெடிக்கலேன்னா, நீ வேற துப்பாக்கி எடுத்துக்குவேன்னு நெனச்சேன். இதக் காப்பாத்தணும்னுதான்."

பூஷைபுக்கு அவனைக் கொன்றுபோடலாம் போல ஆத்திரம் வந்தது. வாயில் வந்தது வேறு.

"என் இடது பக்கத்துல நின்னது நீதானடா."

மருந்தைச் சாகடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் மிலூத். ஈரக்கையால் அந்தத் துப்பாக்கியைத் தொட்டாலே சண்டைக்கு வருகிற தாஹிர், எழுந்து போய்க் குதிரை குடிக்கிற வாளியைத் தூக்கிவந்தான். குழல் நிரம்பி வெள்ளிப் பூண்களின் மேல் வழியும்வரை அவனே ஊற்றினான்.